பொன்னுத்தாயிக்கு வந்த கடிதம்

மகனே,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். சட்டைகளை உள்ளே வைப்பதும், இடம் போதாமல் மறுபடி வெளியே எடுப்பதும் எனக்குக் கேட்கிறது. எழுந்து வந்து மடித்துக் கொடுக்கலாம்தான். ஆனால் நாளைக் காலையில் நீ அக்கரையில் பிறை ஸ்டேஷனுக்குப் போகிற படகில் ஏறிவிட்டால், அப்புறம் இதை எழுத எனக்குத் துணிச்சல் வராது. அதனால் ஜன்னலோரமாக உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே மழை மூட்டம். அக்கரை மலைகள் பாதிதான் தெரிகின்றன. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. வருகிறதா போகிறதா என்று தெரியவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். ஆகட்டும். நீ இதை ரயிலில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது நீ ஒன்று சொன்னாய். "பரீட்சையில ஒரு சொல்லு சுத்தமாத் தெரியலம்மா. முன்னால என்ன இருக்கு, பின்னால என்ன இருக்குன்னு பார்த்தேன். இதுவாத்தான் இருக்கும்னு ஊகிச்சு எழுதிட்டேன். துரை சரின்னு போட்டுட்டாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உனக்கு இன்னொரு அகப்பை குழம்பு ஊற்றினேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ கவனிக்கவில்லை, கவனிக்காததும் நல்லதுதான். தைப்பிங் கோர்ட்டில் துபாஷி வேலை என்றால் என்ன என்று நீதான் எனக்கு விளக்கினாய். துரை இங்கிலீஷில் கேட்பதைக் கூண்டில் நிற்கிறவனுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவன் தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நீ ஒருவன்தான் நிற்பாய். அங்கே போய் நிற்கப் போகிற பிள்ளை, தெரியாத சொல்லை ஊகித்தேன் என்று சிரிக்கிறான். அந்த வித்தை உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடமிருந்து வந்தது.

நான் கன்னியர் மடத்து அனாதைப் பிள்ளைகளோடு வளர்ந்தவள். மடத்துச் சிஸ்டர்கள் வெள்ளைக்காரர்கள். அவர்களுக்குத் தமிழில் 'வா', 'போ', 'கையைக் கழுவு' தெரியும். தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க உபதேசியார் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வருவார். மற்ற ஆறு நாளும் எங்களிடம் இருந்தது ஜபப் புத்தகமும், அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரம் இரண்டு மூன்றும்தான். மத்தியான ஜபம் முடிந்ததும் பேசாமல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் கடற்காற்று நீள வராந்தாவில் நுழைந்து கொடியில் காயும் வெள்ளைத் துணிகளை அசைத்துக்கொண்டிருக்கும். நான் தூணில் சாய்ந்துகொண்டு படிப்பேன். தெரியாத சொல் வரும். யாரையும் கேட்க முடியாது. கேட்டாலும் சொல்ல ஆள் இல்லை. அதனால் நானே அதற்கு ஒரு அர்த்தம் வைத்துக்கொள்வேன்.

'வியாகுல மாதா' என்று ஒரு பிரார்த்தனை இருக்கிறதல்லவா? வேளாங்கண்ணியில் இருப்பதால் வேளாங்கண்ணி மாதா. அப்படியானால் வியாகுலம் என்ற ஊரில் இருக்கிறவள் வியாகுல மாதா என்று முடிவு செய்துகொண்டேன். அந்த ஊரை எனக்கு நன்றாகத் தெரியும். கடலோரத்து ஊர். வீடுகளுக்கெல்லாம் நீலச் சுண்ணாம்பு. தெரு மண் மாவைப்போல மெத்தென்று இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அம்மா உண்டு. சாயங்காலம் அம்மாக்கள் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கப்பலில் போனால் எத்தனை நாள் ஆகும் என்றுகூடக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு நாள் உபதேசியாரிடம், "ஐயா, வியாகுலத்துக்கு எந்தத் துறைமுகத்துல எறங்கணும்?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "வியாகுலம்னா ஊரா? துக்கம்மா, துக்கம். தன் மகன் செத்ததுக்காக மாதா பட்ட துக்கம்." அன்றைக்கு நான் அழுதேன். மாதாவின் துக்கத்துக்காக அழுகிறேன் என்று சிஸ்டர் நினைத்து என் தலையைத் தடவினார். நான் அழுதது என் ஊர் போய்விட்டதற்காக.

அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் சாமர்த்தியமாக ஊகிக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. தெரியாத சொல்லைக் கண்டால் அங்கேயே நின்று முட்டிக்கொள்ளாதே, சுற்றி நடந்து பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முன்னால் உள்ள சொல் என்ன, பின்னால் என்ன வருகிறது, அதன் வயிற்றுக்குள் தெரிந்த துண்டு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. சரியாக இருந்ததுதான் வினை.

உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்துக்கு வந்தேன். உனக்கு அது மங்கலாகத்தான் நினைவிருக்கும். உன் அப்பா சரக்குக் கிராணி. கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. விடிந்தால் போய் இருட்டினால் வருவார். இங்கிலீஷ் எழுதுவார், மலாய் பேசுவார். தமிழ் எழுத்து அவருக்குத் தன் பெயரோடு சரி. சந்தில் இருந்த மற்றவர்களெல்லாம் மூட்டை தூக்குகிறவர்களும் தொங்கான் படகில் வேலை செய்கிறவர்களும். பெரும்பாலும் இந்துக்கள், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெண்களில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்தி. ஊரிலிருந்து கடிதம் வந்தால் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

ஒரு தடவை ஒருத்திக்கு வந்த கடிதத்தில் 'மாடுகளுக்குக் கோமாரி' என்று இருந்தது. தீவில் பிறந்து மடத்தில் வளர்ந்தவளுக்குக் கோமாரி எங்கே தெரியும்? மேலே படித்தேன். வாயில் நுரை, குளம்பில் புண், தீனி எடுப்பதில்லை என்று வந்தது. நிமிர்ந்து, "மாட்டுக்கு ஒரு சீக்கு வந்திருக்காம், வாயிலயும் கால்லயும் புண்ணாம்" என்றேன். "கோமாரி!" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். "கிராணியம்மாவுக்குத் தெரியாதது ஒண்ணு உண்டா!" என்றாள் ஒருத்தி. நான் அந்தச் சொல்லை வாய்விட்டுப் படித்திருந்தால் அவர்களே எனக்கு அர்த்தம் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் எப்போதும் மனதுக்குள் படித்துவிட்டு, பிறகு சாரத்தைச் சொல்வேன். ஏன் தெரியுமா? வாய்விட்டுப் படித்தால் எனக்குத் திக்கும். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அது அவர்களுக்குத் தெரியக் கூடாது. இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

பொன்னுத்தாயி அந்தச் சந்தில் எங்களுக்கு எதிர்வீடு. உனக்கு அவள் சின்னம்மா. அவளுடைய முதல் குழந்தை பிறந்து பன்னிரண்டாம் நாள் போய்விட்டது. அதே மாதத்தில்தான் நீ பிறந்தாய். எனக்குப் பிரசவக் காய்ச்சல் வந்து நான் சுயநினைவில்லாமல் கிடந்தபோது உன்னைத் தூக்கிப் பால் கொடுத்தவள் அவள். இது உனக்குத் தெரியும். பகலில் அரிசிக் கிடங்கில் சாக்குத் தைக்கப் போவாள். சாயங்காலம் திரும்பி வரும்போது தலைமுடியெல்லாம் சணல் தூசி ஒட்டியிருக்கும். கை கால் கழுவியதும் நேரே வந்து உன்னை வாங்கிக்கொள்வாள். அவளுக்கு ஊரில் இருந்தது ஒரு அம்மாவும் ஒரு அண்ணனும்தான்.

உனக்கு மூன்று வயது நடந்தபோது, ஐப்பசி மாதத்தில், அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கமாக அவள் அண்ணன் யாரையாவது பிடித்து நாலு வரி எழுதச் சொல்வார். இந்தத் தடவை ஊர் வாத்தியார் எழுதியிருந்தார். கையெழுத்து அச்சுப்போல இருந்தது. பொன்னுத்தாயி சணல் தூசியோடு என் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். நீ அவள் மடியில் இருந்தாய். நான் மனதுக்குள் படித்தேன். இன்றைக்கும் ஒரு எழுத்து விடாமல் சொல்வேன். 'நமது மாதாவானவர் சென்ற ஆவணி மாதத்தில் தேகவியோகமானார். பதினாறாம் நாள் காரியங்கள் யாவும் குறைவின்றி நடந்தேறின. நீ தூரதேசத்தில் இருப்பதால் விசனப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உனக்கென்று அம்மாள் வைத்திருந்த பித்தளைச் சொம்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. எல்லாம் ஈசன் செயல்.'

தேகவியோகம் என்ற சொல்லை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் புத்தகங்களில் செத்தவர்கள் மரித்தார்கள், அல்லது நித்திய இளைப்பாற்றியை அடைந்தார்கள். ஆனால் தேகம் எனக்குத் தெரியும். வருகிற கடிதமெல்லாம் 'இவ்விடம் யாவரும் தேக சௌக்கியம்' என்றுதான் தொடங்கும். யாருக்காவது காய்ச்சல் என்றால் 'தேக அசௌக்கியம்' என்று இருக்கும். ஆகவே இதுவும் உடம்புக்கு ஏதோ வந்ததைச் சொல்கிறது என்று வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதும், மகனே, மற்றச் சொற்களெல்லாம் அதற்கேற்றபடி வளைந்து கொடுத்தன. காரியங்கள் என்றால் வைத்தியம், பத்தியம். பதினாறாம் நாள் எல்லாம் நல்லபடி முடிந்தது என்றால் பதினாறு நாளில் குணமாகிவிட்டது. இந்துக்கள் வீட்டில் காரியம் என்றால் எதைச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் 'யாவரும் சௌக்கியம்' என்று தொடங்கவில்லை என்பதைப் பார்த்தேன், தாண்டிப் போனேன். உயிரோடு இருக்கிற அம்மாவின் சொம்பு ஏன் அண்ணனிடம் பத்திரமாக இருக்க வேண்டும் என்று ஒரு கணம் இடறியது. அதையும் தாண்டிப் போனேன்.

"என்னக்கா, எங்கம்மா எப்படி இருக்காங்களாம்?"

"ஒடம்பு சரியில்லாம இருந்தாங்களாம். பதினாறு நாள்ல எல்லாம் சரியாப் போச்சாம். கவலப்பட்டு ஒடம்பக் கெடுத்துக்காதேன்னு போட்டிருக்கு. ஒனக்குன்னு ஒரு சொம்பு வச்சிருக்காங்களாம்."

அவள் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "மாரியாத்தா காப்பாத்திட்டா." பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு தடவ படிச்சுக் காட்டுங்களேன். அவன் பேசுறதக் கேட்ட மாதிரி இருக்கும்" என்றாள்.

நான் கடிதத்தை மடித்தேன். "எல்லாம் வாத்தியார் பாஷ. படிச்சாலும் ஒனக்குப் புரியாது" என்றேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சொல்லைத் தப்பாக ஊகித்ததை நான் பெரிய பாவமாக நினைக்கவில்லை. யாரும் ஊகிப்பார்கள். அவளுக்குப் புரியாது என்று சொன்னேனே, அதுதான். நான் திக்கித் திணறியாவது அந்த நாலு வரியைப் படித்திருந்தால், 'பதினாறாம் நாள் காரியம்' என்று காதில் விழுந்த அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்திருக்கும். எழுத்துத் தெரியாத அவளுக்கு அந்தச் சொற்கள் தெரியும். எழுத்துத் தெரிந்த எனக்குத் தெரியாது.

மறுநாளே பதில் போடச் சொன்னாள். ஒரு கார்டு வாங்கி வந்தாள். "அம்மா விஷயம் கேட்டு மனசு குளுந்து போச்சுன்னு எழுதுங்க. அண்ணன் நல்லபடியா பார்த்ததுக்கு ரொம்ப சந்தோஷம்னு எழுதுங்க. அம்மாவ நான் கேட்டேன்னு சொல்லச் சொல்லுங்க. மழக்காலம் போனதும் பங்குனியில வரேன், அம்மாவுக்குச் சேல எடுத்துட்டு வரேன்." எனக்கோ வாத்தியாருக்குச் சமமாக எழுத வேண்டும் என்று ஆசை. அவருடைய சொற்களையே எடுத்துக்கொண்டேன். 'நமது மாதாவானவரைப் பற்றிய சமாசாரம் அறிந்து மனம் குளிர்ந்தேன். காரியங்கள் யாவற்றையும் குறைவின்றி நடத்திய தங்களுக்கு என் மட்டற்ற சந்தோஷத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். பங்குனியில் நேரில் வருகிறேன்.' அதற்குள் கார்டு நிறைந்துவிட்டது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்பதற்கும் சேலைக்கும் இடமில்லை. என் பெரிய சொற்கள் அவளுடைய சின்னச் சொற்களைத் தின்றுவிட்டன. "எல்லாம் எழுதியாச்சு" என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு வந்த ஐந்து மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கனவு கண்ட மாதிரி இருக்கிறது. தினமும் சாயங்காலம் அவள் தன் அம்மாவைப் பற்றியே பேசுவாள். இந்நேரம் அம்மா வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருப்பாள். இந்நேரம் ஆட்டை ஓட்டி வந்து கட்டியிருப்பாள். மழை கொட்டுகிற நாளில், "அம்மாவுக்கு மழைன்னா முட்டி வலிக்கும்" என்று தன் முட்டியைத் தடவிக்கொள்வாள். எனக்கு அம்மா இல்லை என்பதால் நானும் ஆசையாகக் கேட்பேன். கேட்டுக் கேட்டு அந்த அம்மா எனக்கும் பழக்கமாகிவிட்டாள். முகம், நடை, காதில் தொங்கும் பாம்படம் எல்லாம் எனக்குத் தெரியும். சந்து முனையில் யாராவது வயதான பெண் டிராம் வண்டியிலிருந்து இறங்கினால், ஒரு கணம் அவளோ என்றுகூட இருக்கும். அண்ணனிடமிருந்து மட்டும் பதில் இல்லை. "அவன் கோவக்காரன் இல்லியே, ஏன் ஒரு வரி போடல?" என்பாள். வேலையாக இருப்பார் என்று நான் சொல்வேன்.

பங்குனியில் நாகப்பட்டினத்துக்குப் போகிற கப்பலில், ஊர்க்காரக் குடும்பம் ஒன்றோடு அவளை அவள் புருஷன் ஏற்றிவிட்டார். நானும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போனேன். பல்லில்லாத அம்மா தேத்தண்ணீரில் நனைத்துத் தின்னட்டும் என்று ஒரு டின் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு கப்பலுக்குக் கொண்டுபோகிற சாம்பான் படகில் ஏறினாள். நீ அழுதாய். அவள் கையை ஆட்டிக்கொண்டே போனாள், கப்பலின் நிழல் அவளை மூடும்வரை.

ஆடி மாதத்தில் திரும்பி வந்தாள். இறங்கியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நேரே என் வாசலுக்கு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். "வா வா, எப்ப வந்தே?" என்றேன். அவள் உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். நான் எழுதிய கார்டு.

"இதப் படிங்கக்கா."

நான் குனிந்து பார்த்தேன்.

"மனசுக்குள்ள படிக்காதீங்க. சத்தமாப் படிங்க."

படித்தேன். எனக்குத் திக்கியது. 'மனம் குளிர்ந்தேன்' என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அண்ணன் என்ன வாசப்படி ஏற விடல. 'ஆத்தா செத்தது ஒனக்கு மனசு குளுந்துச்சா? நான் கொள்ளி வச்சது ஒனக்கு மட்டற்ற சந்தோஷமா?'ன்னு கேட்டான். கையில சேலையும் பிஸ்கட்டு டின்னும் வச்சுக்கிட்டு நிக்கிறேன். 'ஆத்தா செத்துடுச்சா?'ன்னு கேட்டேன். ஊரே சிரிச்சுது அக்கா. நான் நடிக்கிறேன்னு சொன்னாங்க. வாத்தியாரக் கூட்டியாந்து கார்டப் படிக்கச் சொன்னான். மனசு குளுந்துச்சுன்னு நான்தானே சொன்னேன்? நான் சொன்னதுதானே அதுல இருக்கு? எங்கக்கா தப்பாப் படிச்சுட்டாங்கன்னு சொன்னேன். 'படிக்கத் தெரிஞ்சவங்க இப்படிப் படிப்பாங்களா?'ன்னு கேட்டான். நான் என்ன பதில் சொல்ல?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "வாத்தியார் தேகவியோகம்னு எழுதியிருந்தாராமே, அப்படின்னா சாவுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"தெரியாதுன்னு அன்னைக்கு ஏன் சொல்லல?"

அவள் கார்டை வாங்கி மறுபடி முடிந்துகொண்டு போய்விட்டாள். சாயங்காலம் உன்னைத் தேடி வந்தாள், வழக்கம்போலத் தூக்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. உனக்குப் பழம் வாங்கி வருவாள், உனக்குத் தலை வாருவாள். நான் பேசினால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வாள். உன் அப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர், "அவ அண்ணனுக்கு நீதான் எழுதணும். அவளுக்காக இல்ல, ஒன் பேருல எழுது" என்றார்.

எழுதினேன். எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். பெரிய சொல் ஒன்று வந்தால் அடித்துவிடுவேன். கடைசியில் நின்றது இதுதான்: 'ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தது நான். எனக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தெரியவில்லை. தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன். உங்கள் அம்மா பிழைத்துவிட்டார் என்று உங்கள் தங்கை நம்பினாள். அவள் அம்மாவுக்குத்தான் சேலை கொண்டுவந்தாள். குற்றம் என்னுடையது.' தபாலில் போடுவதற்கு முன்னால் எதிர்வீட்டு வாசலில் போய் நின்று, அதைச் சத்தமாகப் படித்தேன். அவள் உள்ளே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் கேட்டது. கிராணியம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று சந்து முழுக்க அன்றைக்குத்தான் தெரிந்தது. படித்து முடித்ததும் உள்ளேயிருந்து, "போடுங்க" என்று ஒரு குரல் வந்தது. அவ்வளவுதான்.

பதில் வர நாலு மாதம் ஆயிற்று. தபால்காரர் என்னிடம்தான் கொடுத்தார். பிரிக்காமல் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கவே உறையைப் பிரித்து, முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படித்தேன். 'தங்கை பொன்னுத்தாயிக்கு. இவ்விடம் யாவரும் சௌக்கியம். அந்தம்மாள் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நீ வாசலில் நின்றதை நினைத்து எனக்குத் தூக்கம் இல்லை. வருகிற ஆவணியில் அம்மாவுக்குத் தி... திவ... திவசம்...' அங்கே நின்றேன். சுற்றி நடந்து பார்க்க எனக்கு வழி இருந்தது. ஆவணி இருக்கிறது, அம்மா இருக்கிறாள், ஏதாவது ஒன்றைக் கட்டிவிடலாம். நான் கடிதத்தைத் தாழ்த்தி, "இந்தச் சொல்லு எனக்குத் தெரியல" என்றேன்.

அவள் உன் வாயைத் துடைத்தாள். "திவசம்னா, செத்தவங்களுக்கு வருஷா வருஷம் அவங்க போன நாள்ல சோறு படைக்கிறது அக்கா" என்றாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த 'அக்கா' வந்தது. "மேல படிங்க."

மேலே படித்தேன். அம்மாவின் திவசத்தன்று அவளும் இங்கே ஒரு இலை போட வேண்டும் என்றும், சொம்பை வருகிற ஆளிடம் கொடுத்து அனுப்புவதாகவும் அண்ணன் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்குக் கடிதம் படித்தாலும் வாய்விட்டுத்தான் படித்தேன். நான் தடுக்கி விழுகிற இடத்தில் கீரை ஆய்கிறவளோ தலை வாருகிறவளோ யாராவது ஒருத்தி அர்த்தம் சொல்வாள். எனக்கு இன்றைக்குத் தெரிந்த தமிழில் பாதி அப்படி வந்தது. ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, அவள் திடீரென்று கேட்டாள். "அக்கா, அந்த அஞ்சு மாசமும் எங்கம்மா இந்நேரம் இதச் செய்யும், அதச் செய்யும்னு சொல்லிக்கிட்டே இருந்தேனே, அது யாரு?" கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

உனக்கு ஒன்பது வயதில் எனக்குப் பத்திரிகை படித்துக் காட்டும்போது ஒரு சொல்லை விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாய். நான் உன் தொடையில் நகம் பதியக் கிள்ளினேன். எதற்கு என்று உனக்குத் தெரியவில்லை. மூலையில் உட்கார்ந்து வெகுநேரம் தேம்பினாய். அது என் பயம், உன் குற்றமல்ல. அதற்கும் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊகிக்காதே என்று நான் சொல்லவில்லை, ஐயா. தனியாகப் புத்தகம் படிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் ஊகி. அதில் ஒரு சுகம் இருக்கிறது. எனக்கு அதில் ஒரு ஊரே கிடைத்தது. ஆனால் இன்னொருவனுடைய வாழ்வு அந்தச் சொல்லில் இருக்கும்போது, உன் ஊகத்தை அவன் தலையில் வைக்காதே. கூண்டில் ஒரு தோட்டத்துக் கூலி நின்று நீ கேட்டே இராத ஒரு சொல்லைச் சொல்வான். சேலத்துச் சொல்லோ, திருநெல்வேலிச் சொல்லோ, மலாயும் தமிழும் கலந்த சொல்லோ. துரை உன் முகத்தைப் பார்ப்பார். வக்கீல் பார்ப்பார். நன்றாக உடுத்துக்கொண்டு நிற்கிற உனக்கு, தெரியாது என்று சொல்ல நாக்கு எழாது. அப்போது அந்தக் கூலியின் பக்கம் திரும்பி, "அண்ணே, நீங்க சொன்னதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேள். துரை முகம் சுளித்தால் சுளிக்கட்டும். இவனுக்கு முழுசாகத் தமிழ் தெரியாது போலிருக்கிறது என்று கோர்ட்டில் நாலு பேர் பேசினால் பேசட்டும். யாருக்கு முழுசாகத் தெரியும்?

இதை எழுதலாமா என்று நேற்றுச் சாயங்காலம் பொன்னுத்தாயியிடமே போய்க் கேட்டேன். உனக்காக முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பை விட்டு நிமிரவில்லை. "எழுதுங்கக்கா. அவனுக்குத் தெரியட்டும். ஆனா அதப் படிச்சுட்டு எங்கண்ணன் கெட்டவன்னு தம்பி நெனச்சுடக் கூடாது. அதையும் சேர்த்து எழுதுங்க" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். அவள் அண்ணன் கெட்டவர் இல்லை, மகனே. அந்தக் கார்டில் என்ன இருந்ததோ அதைத்தான் அவர் கேட்டார்.

உன் அம்மா